பிரேக் அத்தை விமானம் ஏறிய நாள்

சம்பளம் வாங்காமல் வேலை செய்வதற்கு எதற்காக இரண்டு விமானம் மாறிப் போகவேண்டும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

“அதைத்தானேம்மா இங்கேயும் செஞ்சுக்கிட்டிருக்கே?” என்று கேட்டார் அத்தையின் அண்ணன். குத்திக்காட்டுகிறார் என்று யாராவது நினைத்தால் அது அவருடைய சாமர்த்தியத்தை அதிகமாக மதிப்பிடுவதாகும். அவருக்கு உண்மையிலேயே சந்தேகம்.

“இங்கே செஞ்சா அது வேலைப்பா. அங்கே செஞ்சா சேவை,” என்றான் அவருடைய மகன்.

“அப்ப இங்கேயும் சேவைன்னே சொல்லிக்கட்டும். யாரு வேண்டாங்கறா?” என்று சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

பிரேக் அத்தை பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்தாள்.

அந்தப் பெயரை வைத்தவன் அண்ணன் மகன்தான், ஐந்து வயதில். அத்தை அப்போது கார் ஓட்டப் பழக்கும் பள்ளியில் பயிற்சியாளர். பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார். பக்கத்து இருக்கையில் அத்தை இருப்பாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. பழகுகிறவர் கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிடும் இடங்களில் அத்தை காலை அழுத்துவாள். வண்டி நிற்கும். கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு அவர் மறுபடி ஓட்டுவார். பின்னால் உட்கார்ந்து இதைப் பார்த்த பையன், வண்டியை நிறுத்துவதுதான் அத்தையின் உத்தியோகம் என்று தீர்மானித்துப் பெயரும் வைத்துவிட்டான். தெருவே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

பள்ளியை மூடியபோது முதலாளி பழைய காரை அவளிடமே தள்ளிவிட்டார். “இதோட கோணல் உங்களுக்குத்தான் தெரியும்,” என்றார். கதவில் ஒட்டியிருந்த பள்ளியின் பெயரை அத்தை சுரண்டி எடுத்தாள். எழுத்துப் போனது, எழுத்தின் நிழல் போகவில்லை. இரண்டு பிரேக் உள்ள அந்தக் கார் குடும்பக் காரானது. அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போனால் அத்தை வேண்டும். அண்ணனுக்குப் பல் வலித்தால் அத்தை வேண்டும். மகனுடைய பைக் பஞ்சர் ஆனால் அத்தை வேண்டும். கல்யாணம் ஆகாதவள், பள்ளியும் மூடியாயிற்று, ‘சும்மாதானே இருக்கா’ என்ற ஒரே வாக்கியத்தில் அவளுடைய நாள் முழுவதும் அடங்கிவிட்டது.

அண்ணியும் கார் ஓட்டுவாள். அத்தைதான் பழக்கினாள். லைசென்ஸ்கூட இருக்கிறது. தேர்வு நாளில் அதிகாரி பின்னால் உட்கார்ந்துகொண்டு, பயிற்சியாளரைப் பக்கத்து இருக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. அன்று தேறியது அண்ணியின் கையும் அத்தையின் காலும். லைசென்ஸில் ஒருத்தியின் படம்தான் ஒட்ட முடியும் என்பதால் அண்ணியின் படம் ஒட்டப்பட்டது.

வெளிநாட்டு விவகாரம் வேடிக்கையாக ஆரம்பித்தது. ஏதோ ஒரு தூர தேசத்து மலைப்பகுதியில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே உள்ள நர்ஸுகள் கிராமம் கிராமமாகப் போய் வருவதற்காக ஒரு தொண்டு நிறுவனம் ஜீப்புகளை வாங்கிக் கொடுத்தது. ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிப் போன பிறகுதான் நர்ஸுகளில் யாருக்கும் ஓட்டத் தெரியாது என்பது தெரிய வந்தது. ஜீப்புகள் தகரக் கொட்டகையில் நின்றன. ஒன்றில் கோழி முட்டையிட ஆரம்பித்தது. பெண் பயிற்சியாளர் ஒருவர் ஒரு வருடம் வந்து தங்கிப் பழக்கவேண்டும், தங்குமிடமும் சாப்பாடும் உண்டு, சம்பளம் கிடையாது என்று விளம்பரம் வந்தது. அண்ணன் மகன் அதை அத்தைக்கு அனுப்பி, கீழே சிரிக்கும் முகம் மூன்று போட்டான்.

அத்தை சிரிக்கவில்லை. “இதுக்கு எப்படிடா எழுதிப் போடறது?” என்று கேட்டாள்.

அவனே எழுதிப் போட்டான். ‘மானுடத்தின் துயரம் என் இதயத்தின் கதவைத் தட்டுகிறது’ என்று ஆரம்பித்து ஒரு பக்கம் தட்டியிருந்தான். நேர்காணலில் திரையில் வந்த தலைமை நர்ஸ் இதயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பயந்தவர்களுக்குக் கிளட்சை எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். அத்தை அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாள். கடைசியாக அந்த நர்ஸ், “உங்களுக்கு எப்போ வந்தா வசதிப்படும்?” என்று கேட்டாள்.

அத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். இணைப்பு சரியில்லை என்று நர்ஸ் நினைத்தாள். இணைப்பு சரியாகத்தான் இருந்தது. உனக்கு எப்போது வசதிப்படும் என்று ஒரு மனிதர் தன்னைக் கேட்டு அத்தை கேட்டதில்லை. அந்த நிமிடத்திலேயே போவது என்று அவளுக்குள் முடிவாகிவிட்டது.

கிளம்பும் நாள் காலையில் அண்ணி சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு நான் ஓட்டறேன். நீ விருந்தாளி மாதிரி உக்காந்து வா.”

விருந்தாளி பழக்கப்பட்ட இருக்கையிலேயே உட்கார்ந்தாள். அண்ணனும் மகனும் பின்னால். விமான நிலையம் வரைக்கும் அண்ணி அருமையாக ஓட்டினாள். லாரிக்குப் பின்னால் அளவாக நின்றாள். சிக்னலில் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றாள். சைக்கிள்காரர் ஒருவர் திடீரென்று குறுக்கே திரும்பியபோது, அவர் திட்டுவதற்கு வாயைத் திறக்குமுன் வண்டி நின்றிருந்தது.

“பாத்தீங்களா?” என்றாள் அண்ணி கண்ணாடியில் கணவரைப் பார்த்து. “இவ ஒருத்தி இல்லேன்னா வீடு ஓடாதுன்னு சொன்னீங்களே.”

“வீடு வேற, கார் வேற,” என்றார் அண்ணன்.

அத்தை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுடைய வலது கால் மட்டும் விருந்தாளியாக இருக்கவில்லை.

வாசலில் அண்ணன் கடைசி முயற்சி செய்தார். “அங்கே போய் ஒத்து வரலேன்னா கௌரவம் பாக்காம திரும்பி வந்துடு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்.”

“நான் சொல்லுவேன்,” என்றாள் அண்ணி.

“அத்தை, அங்கே கோழியை முதல்ல இறக்கிவிட்டுட்டுப் பாடம் எடுங்க,” என்றான் மகன். அவன் கண் கலங்கியிருந்தது. இனி பைக் பஞ்சர் ஆனால் பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடக்கவேண்டும்.

உள்ளே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் அதிகாரி இளைஞர். ஆனால் சலிப்பு மட்டும் ஓய்வு பெறும் வயதுக்கு வந்திருந்தது.

“எதுக்குப் போறீங்க?”

“வேலை செய்ய.”

“சம்பளம் எவ்வளவு?”

“கிடையாது.”

“அப்ப வேலைன்னு சொல்லாதீங்க. சுத்திப் பாக்கவா?”

“இல்லீங்க, கார் ஓட்டக் கத்துக்கொடுக்க. ஒரு வருஷம்.”

“சம்பளம் இல்லாம?”

“சாப்பாடு உண்டு.”

அவர் அவளை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். ஏமாற்றப்பட்டுக் கடத்தப்படும் பெண்களைப் பற்றி அவருக்குப் பயிற்சி வகுப்பு நடந்திருந்தது. இது அந்தக் கணக்கில் வருமா என்று அவர் யோசிப்பது தெரிந்தது.

“யாராவது கட்டாயப்படுத்தி அனுப்பறாங்களா?”

“அனுப்பமாட்டோம்னுதாங்க கட்டாயப்படுத்தினாங்க.”

“இந்த மாதிரி சம்பளம் இல்லாம வேலை செஞ்ச முன்அனுபவம்?”

“அண்ணன் வீட்ல இருக்கேங்க,” என்றாள் அத்தை.

அதிகாரி முத்திரையைக் குத்தினார்.

விமானத்துக்குள் ஏறுவதற்கான வரிசை நகர ஆரம்பித்த நேரத்தில் கைப்பேசி அடித்தது. அண்ணி. பின்னணியில் நிறையப் பேர் பேசும் சத்தம்.

“ஏய், வண்டியை என்ன பண்ணி வெச்சுட்டுப் போனே நீ?”

“என்னாச்சு அண்ணி?”

“பிரேக் பிடிக்கலை!”

“எங்கே இருக்கீங்க? யாருக்காவது அடியா?”

“இங்கேதான், வண்டி நிறுத்தற இடத்துல. டிராலியெல்லாம் வரிசையா கோத்து வெச்சிருக்கான்ல, அது மேல போய் உக்காந்துடுச்சு. அந்த வரிசை அப்படியே ரயில் மாதிரி கிளம்பிப் போய் உங்கண்ணன் கால்ல...”

“அண்ணன் ஏன் முன்னாடி நின்னாரு?”

“வரட்டும் வரட்டும்னு கை காட்டிக்கிட்டிருந்தாரு. வந்துடுச்சு.”

“பிரேக்கை மிதிச்சீங்களா அண்ணி?”

“மிதிச்சேன். எப்பவும் மிதிக்கற மாதிரிதான் மிதிச்சேன்.”

எப்பவும் மிதிக்கிற மாதிரி. வரிசையில் நின்றபடியே அத்தைக்கு முழுப் படமும் விளங்கியது. அண்ணியின் கால் பிரேக்கைத் தேடிக் கிளம்பும். அது போய்ச் சேர்வதற்குள் அத்தையின் கால் அழுத்தியிருக்கும், வண்டி நின்றிருக்கும். நின்றுவிட்ட வண்டியின் பிரேக்கை அண்ணி ஒரு பூவைத் தொடுவது போலத் தொட்டுவிட்டு, தான் நிறுத்தியதாக நினைத்துக்கொள்வாள். பத்து வருடத்துக்கு மேல் இப்படியே நடந்திருக்கிறது. தன் கால் மிதிப்பது அத்தைக்குத் தெரியும். மிதிப்பது அண்ணிக்குத் தெரியாது என்பதுதான் அத்தைக்குத் தெரியாமல் போயிற்று. உதவிக்கு நன்றி சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இருந்திருந்தால் என்றைக்கோ தெரிந்திருக்கும்.

“நீ இருந்தா நிக்குது, நீ இறங்கினா நிக்கமாட்டேங்குது. இதுக்கு என்ன அர்த்தம்?” என்றாள் அண்ணி.

“அர்த்தம் அப்புறம் சொல்றேன். வண்டியைத் தொடாதீங்க. அங்கேயே விட்டுட்டு வாடகைக் கார்ல வீட்டுக்குப் போங்க. அண்ணன் காலை டாக்டர்கிட்ட காட்டுங்க.”

அண்ணன் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். “நீ வெளியே வந்து வண்டியை எடுத்துக் கொடுத்துட்டு அடுத்த ப்ளைட்ல போயேம்மா.”

“அண்ணா, அது அப்படி இல்லை...”

“ஏன் இல்லை? பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு மேலே போகுது. இங்கே உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருக்கேன்.”

சீருடைப் பெண் கையை நீட்டினாள். அத்தை சீட்டைக் கொடுத்தாள். பின்னால் நின்றவர் பெட்டியால் அவள் குதிகாலைத் தட்டினார். முடிவெடுத்து ஏறினாள் என்று சொல்வதற்கில்லை. வரிசை ஏற்றிவிட்டது.

விமானத்தில் அவளுக்கு அடுத்து உட்கார்ந்தவள் ஒரு கல்லூரிப் பெண். மஞ்சள் பனியன் போட்டிருந்தாள். அதில் ‘மாற்றம் என்னிலிருந்து’ என்று எழுதியிருந்தது. முன்னும் பின்னுமாக அதே பனியனில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மாற்றம் மொத்த விலையில் வாங்கப்பட்டிருந்தது.

“ஆன்ட்டி, நீங்களும் வாலன்டியரா? சூப்பர்! நாங்க ஒரு ஸ்கூலுக்கு பெயின்ட் அடிக்கப் போறோம்.”

“பெயின்ட் அடிக்கத் தெரியுமாம்மா?”

“அங்கே போய்க் கத்துக்குவோம். போன பேட்ச் பச்சை அடிச்சாங்களாம். நாங்க நீலம்.”

“அடுத்த பேட்ச்?”

அந்தப் பெண் சற்று யோசித்தாள். “அது தெரியலை ஆன்ட்டி. நீங்க எத்தனை நாள்? நாங்க ரெண்டு வாரம்.”

“ஒரு வருஷம்.”

“ஒரு வருஷமா! வீட்ல விட்டாங்களா?”

அத்தை கேள்வியைச் சாப்பாட்டுத் தட்டின் அடியில் தள்ளிவிட்டு ரொட்டியைப் பிய்த்தாள். வீட்டில் விடவில்லை. இப்போது விடாததற்கு ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது. அதுதான் அவளை அரித்தது. அண்ணன் கால் ஒரு பக்கம் இருக்கட்டும், நாளைக்கே அண்ணி பிடிவாதமாகச் சாவியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால்? பள்ளிக்கூடம் விடும் நேரமாக இருந்தால்? ஓட்டத் தெரியாதவளை ஓட்டத் தெரிந்தவள் என்று நம்பவைத்தது யார்? எத்தனையோ பேரைத் தேர்வில் தேறவைத்தவள், சொந்த வீட்டில் ஒருத்திக்குப் பத்து வருடம் பாடம் நடத்திப் பிரேக்கைக்கூடச் சொல்லித் தரவில்லை. இந்த அழகில் கடல் தாண்டிப் போய் நர்ஸுகளுக்குச் சொல்லித் தரப்போகிறாள்.

திரும்பிப் போவதுதான் ஒழுங்கு என்று ஒரு மனம் சொன்னது. திரும்பிப் போனால் பிறகு ஜென்மத்துக்கும் கிளம்ப முடியாது என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டும் மாறி மாறிப் பேசியதில் படம் பார்க்க முடியவில்லை.

விமானம் இறங்கும்போது ஓடுபாதை வேகமாக மேலே வந்தது. முன் இருக்கைக்காரர் கோபத்தோடு திரும்பிப் பார்த்தார்.

“ஆன்ட்டி,” என்றாள் பனியன் பெண் மெதுவாக, “அவரோட சீட்டை உதைக்கிறீங்க.”

“மன்னிச்சுக்குங்க,” என்றாள் அத்தை. “பைலட் கொஞ்சம் லேட்டா மிதிச்ச மாதிரி இருந்துச்சு.”

விமானம் மாறும் நிலையம் ஒரு ஊரையே கூரை போட்டு மூடியது போல இருந்தது. வாசனைத் திரவியக் கடைகளுக்கு நடுவே ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து, பனியன் பெண்ணின் உதவியோடு கைப்பேசியை உயிர்ப்பித்தாள். உயிர்த்ததும் அது அடங்காமல் துள்ளியது. அண்ணன் மகன் வரிசையாக எழுதியிருந்தான். அப்பாவுக்கு எலும்பு முறியவில்லை, சுளுக்குதான், ஆனால் மனம் முறிந்திருக்கிறது. கார் விமான நிலையத்திலேயே நிற்கிறது, எடுக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அத்தைக்கு அங்கிருந்தே திரும்பி வர டிக்கெட் போட்டாகிவிட்டது. எந்த வாசலுக்குப் போகவேண்டும் என்றும் குறிப்பிட்டிருந்தான். பார்த்தாள். மலைப்பகுதிக்குப் போகும் சின்ன விமானத்தின் வாசலும் வீட்டுக்குத் திரும்பும் விமானத்தின் வாசலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நடுவில் ஒரு குடிநீர்க் குழாய்.

அவள் வீட்டைக் கூப்பிட்டாள். திரையில் முதலில் அண்ணனின் கால் வந்தது. முக்காலியின் மேல் தலையணை, தலையணையின் மேல் கட்டுப் போட்ட கால். மகன் கைப்பேசியை மெல்ல மேலே தூக்க, தூரத்தில் அண்ணனின் முகம் தெரிந்தது.

“தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்க,” என்று ஆரம்பித்தார்.

“ஆடுது அண்ணா. டாக்டர் என்ன சொன்னாரு?”

“அவரு என்ன சொல்லுவாரு. ரெண்டு நாள் ஊனாம இருங்கன்னாரு. யாரு என்னைக் கூட்டிக்கிட்டுப் போய் மறுபடி காட்டறது?”

“ஊன வேண்டாம்னா எங்கேயும் போக வேண்டாம்னுதானே அர்த்தம்?”

“பாத்தியாடா, பேச்சைப் பாத்தியா. ப்ளைட் ஏறி அரை நாள் ஆகலை.”

“அத்தை,” என்றான் மகன், “நீங்க வந்து ஒரு மாசம் அம்மாவுக்கு ஒழுங்கா கத்துக்கொடுத்துட்டு அப்புறம் போங்களேன். அவங்க ஜீப் எங்கே ஓடிப்போகுது? அதான் நிக்கவே நிக்குதே.”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அத்தை குடிநீர்க் குழாயைப் பார்த்தாள். அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? அப்போது திரை குலுங்கியது. கூரை தெரிந்தது, சுவர் தெரிந்தது, ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணியின் முகம் திரை முழுக்க வந்து நின்றது. பின்னால் துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று அங்கே வந்திருக்கிறாள்.

“ஒரு விஷயம் கேக்கறேன். மழுப்பாம சொல்லு. மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு இவன் போய்ப் பாத்தான். பிரேக் நல்லா இருக்காம்.”

“ஆமா அண்ணி.”

“அப்ப இத்தனை வருஷமா நான் ஓட்டினதெல்லாம்?”

அத்தை மனதுக்குள் இரண்டு மூன்று பொய்களை எடுத்துப் பார்த்தாள். எதுவும் அளவாக இல்லை.

“ஓட்டினது நீங்கதான். நிறுத்தினது நான்.”

துவைக்கும் இயந்திரம் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது.

“எங்கம்மா வீட்டுக்குப் போறப்பல்லாம்?”

“நான்தான் மிதிச்சேன்.”

“இன்னிக்குக் காலையில அந்த சைக்கிள்காரன்?”

“நான்தான்.”

“எங்கக்கா முன்னாடி எவ்வளவு பெருமை பேசியிருக்கேன் தெரியுமா? நீயும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்தே?” அண்ணியின் குரல் உடைந்தது, உடனே கோபமாகி நிமிர்ந்தது. “ஒரு வார்த்தை சொன்னியா? எனக்கு வரலைன்னா வரலைன்னு சொல்லணும். நீயே மிதிச்சு நீயே மிதிச்சு என்னை ஒரு பொம்மை மாதிரி உக்கார வெச்சிருக்கே. உனக்கென்ன, தியாகின்னு பேரு. இடிச்சவள்னு பேரு எனக்கு.”

அண்ணி சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பது அதிசயமாக இருந்தது. அந்த வீட்டில் அப்படி நடப்பது அபூர்வம்.

“தப்புதான் அண்ணி.”

“ஒரு தடவைகூடவா நான் நிறுத்தலை?”

“ஒரு தடவை நிறுத்தினீங்க. பூனை ஓடி வந்துச்சே, மருந்துக்கடை கிட்ட. எனக்கு அன்னிக்கு அடுக்குத் தும்மல். கண்ணைத் திறந்து பாக்கறேன், வண்டி நிக்குது. நீங்கதான் மிதிச்சிருந்தீங்க. வண்டியே குலுங்கிச்சு.”

“பூனை பொழைச்சுதா?”

“பொழைச்சுது. திரும்பிப் பாத்து ஒரு முறை முறைச்சுட்டுப் போச்சு.”

அண்ணி மூக்கை உறிஞ்சினாள். “அப்ப வரும்.”

“வரும் அண்ணி. விரல் நுனியால தொடாதீங்க, குதிகாலைத் தரையில ஊனிக்கிட்டு அழுத்துங்க. நின்ன பிறகும் எடுக்காதீங்க. மத்தியானத்துல ஏர்போர்ட்ல வண்டி நிறுத்தற இடத்துல கூட்டம் இருக்காது. அந்த மைதானம் மாதிரி கிடக்கற கடைசிப் பக்கத்துல ஓட்டி ஓட்டி நிறுத்திப் பாருங்க. சரியா வந்தா மட்டும் ரோட்டுக்கு வாங்க. வரலைன்னா விட்டுட்டு நாளைக்குப் போங்க. பக்கத்துல யாரையும் உக்கார வைக்காதீங்க. அண்ணனை...”

“அவரு எங்கே, அவருக்குத்தான் கால் இல்லையே.”

இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு அத்தை, “நான் திரும்பி வரட்டுமா அண்ணி? நிஜமாத்தான் கேக்கறேன். என் தப்பு. ஒரு மாசம்...” என்றாள்.

“வராதே,” என்றாள் அண்ணி.

அத்தை கைப்பேசியைக் காதுக்கு அருகே கொண்டு போனாள்.

“நீ வந்தா மறுபடியும் மிதிப்பே. உன் கால் சும்மா இருக்காது. போ. போய் அந்தப் பொண்ணுங்களுக்காவது ஒழுங்கா சொல்லிக்கொடு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நான்தான் போகச் சொன்னேன்னு உங்கண்ணன்கிட்ட சொல்லிடாதே. உன்னைத் திட்டிட்டு வெச்சதாத்தான் வெளியே போய்ச் சொல்லப்போறேன்.”

அப்படியே கதவைத் திறந்து, “உனக்கெல்லாம் நன்றியே கிடையாது!” என்று கத்திவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

சின்ன விமானத்தில் பனியன்கள் இல்லை. கோழிக்குஞ்சுகளுக்கான தீவன மூட்டை ஒன்று முன் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. மலைகளுக்கு மேலே விமானம் ஆடியபோதெல்லாம் அத்தை இரண்டு கால்களையும் மடக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டாள். பணிப்பெண் காலை இறக்கச் சொன்னாள். அத்தை இறக்கிவிட்டு, அவள் நகர்ந்ததும் மறுபடி ஏற்றிக்கொண்டாள். மனதெல்லாம் ஒரு வெற்று வாகன நிறுத்தத்தில் இருந்தது. இப்போது கிளட்சை விடுகிறாளா, இப்போது மிதிக்கிறாளா, யாராவது குறுக்கே வந்தால் என்ன செய்வாள். தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் பார்த்த உத்தியோகத்தில் இவ்வளவு கஷ்டமான வகுப்பை அவள் எடுத்ததில்லை.

இறங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. விமான நிலையம் என்பது ஒரு தகரக் கூடமும் ஒரு வேலியும்தான். வேலிக்கு வெளியே ஜீப்பும், ஜீப்பின் பக்கத்தில் தலைமை நர்ஸும் நின்றார்கள். திரையில் பார்த்ததைவிட அவள் குள்ளம். முதல் கியர் மட்டும் தனக்குத் தெரியும் என்றும், முதல் கியரிலேயே மதியத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்ததாகவும் வெட்கத்தோடு சொன்னாள். வழியில் ஆள் நடமாட்டமே கிடையாது, ஒரு கழுதை மட்டும் முந்திக்கொண்டு போனது என்றாள். பிறகு சாவியை நீட்டினாள். “நீங்க ஓட்டறீங்களா?”

அத்தை பதில் சொல்வதற்குள் கைப்பேசி துடித்தது. குடும்பக் குழுவில் ஒரு படம். வீட்டு வாசலில் கார் நின்றது. முன் பம்பர் ஒரு பக்கம் தொங்கியது, அது காலையில் டிராலி செய்தது. மதிலும் கேட்டும் முழுசாக இருந்தன. காரின் ஓட்டுநர் இருக்கையில் அண்ணி, இரண்டு கையும் ஸ்டியரிங்கில், சிரிக்காமல், பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்ததைப் போல. பக்கத்து இருக்கை காலி.

படத்தின் கீழே அண்ணன் நீளமாக எழுதியிருந்தார். உன் அண்ணி வண்டியைத் தனியாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். நான்தான் வீட்டிலிருந்தபடியே போனில் ஒவ்வொன்றாகச் சொல்லி ஓட்ட வைத்தேன். அவள் போனை எடுக்கவில்லை, இருந்தாலும் சொன்னேன். சொல்லிக் கொடுப்பதில் ஒரு தனித் திறமை வேண்டும், அது நம் குடும்பத்திலேயே இருக்கிறது போலிருக்கிறது. கால் சரியானதும் நானும் எங்காவது போய்ச் சேவை செய்யலாமா என்று யோசிக்கிறேன். அங்கே ஆள் தேவைப்பட்டால் கேட்டுச் சொல்.

அத்தை இரண்டு முறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ‘இங்கே இடம் நிறைஞ்சுடுச்சு அண்ணா’ என்று பதில் எழுதி அனுப்பினாள்.

நர்ஸ் இன்னும் சாவியை நீட்டிக்கொண்டு நின்றாள். அத்தை அதை வாங்கவில்லை. பெட்டியை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றி, தானும் அதன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். முன்னால் இரண்டு இருக்கை இருக்கும்போது ஆசிரியை எதற்காகப் பின்னால் போகிறாள் என்று நர்ஸுக்குப் புரியவில்லை.

“பக்கத்துல உக்காரலையா? எனக்கு நிறுத்தறதுதான் பயம்.”

“எனக்கும்தான்,” என்றாள் அத்தை. “நீங்க ஓட்டுங்க.”